இளம் ஆப்பிள் மரத்துக்குக் கவாத்து: முதல் நான்கு ஆண்டுகளில் எழும் கேள்விகள்

ஆப்பிள் கன்றை நட்டுவிட்டு, எங்கே வெட்டுவது, எதை விடுவது என்று கத்தரியும் கையுமாகக் குழம்பி நிற்பவர்களுக்கான பக்கம் இது. கொடைக்கானல் பக்கம் பத்திருபது மரம் வைத்திருப்பவர்களும், லண்டனிலோ டொரொன்டோவிலோ மெல்போர்னிலோ கொல்லையில் ஒரே ஒரு மரம் வைத்திருப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒன்றேதான், மாதங்கள்தாம் மாறும். வேறு மாதிரி சொல்லாத இடங்களில், அளவுகள் எல்லாம் எம்எம் 106 போன்ற நடுத்தர வேர்ச்செடியில் (ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் செடி) ஒட்டுக்கட்டிய மரத்துக்கானவை.

வேர்ச்செடி எதுவென்று தெரிந்தால்தான் கவாத்து செய்ய முடியுமா?

தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனையாவது வருடம் காய்க்கும், கழி வேண்டுமா என்பதையெல்லாம் வேர்ச்செடிதான் முடிவு செய்கிறது. கவாத்தால் அதை மாற்றிவிட முடியாது. எம் 9 என்ற குள்ள வகை என்றால் இரண்டரை மீட்டரைச் சுற்றியே நிற்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டே காய்க்கும். ஆனால் வேர் பலமில்லாததால் ஆயுள் முழுக்கக் கழியோ கம்பிப் பந்தலோ வேண்டும். எம்எம் 106 சுமார் 4 மீட்டர். எம்எம் 111 அதைவிடச் சற்றுப் பெரியது, வறட்சி தாங்கும். விதையிலிருந்து வந்த வேர்ச்செடி என்றால் 6 மீட்டருக்கு மேல் போகும். காய்ப்புக்கு ஆறேழு வருடமாவது காத்திருக்க வேண்டும். இமாச்சலத்தின் பழைய தோட்டங்களில் ஏணி போட்டுப் பறிக்கிற பெரிய மரங்கள் இந்த வகைதான்.

வாங்கும்போது கட்டியிருக்கும் அட்டையைக் கழற்றி எறியாதீர்கள். பெரிதாக வளரும் வேர்ச்செடியைச் சின்ன இடத்தில் வைத்துவிட்டு வருடா வருடம் தலையை வெட்டினால், மரம் வருடா வருடம் குச்சிகளாக நிமிருமே தவிரக் காய்க்காது.

எந்த மாதத்தில் வெட்டுவது?

இலை உதிர்ந்து, மொட்டு வீங்குவதற்கு முன். அந்த இடைவெளியிலும் பின்பகுதிதான் நல்லது. இங்கிலாந்தில் பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. கனடாவில் கடுங்குளிர் கழிந்த பிறகு, மார்ச் பின்பாதியில். அங்கே டிசம்பரிலேயே வெட்டினால் வெட்டிய இடத்தைச் சுற்றிப் பட்டை உறைபனியில் செத்துப்போகும். இமாச்சலத்தில் ஜனவரி, பிப்ரவரி. மெல்போர்னிலும் நியூசிலாந்திலும் ஜூலை, ஆகஸ்ட். கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி.

மழை பெய்கிற நாளில் வேண்டாம். ஈரத்தில் சொறிப்புண் நோயின் வித்துகள் புதுக்காயத்தில் இறங்கும்.

நட்ட உடனே நுனியை வெட்டச் சொல்கிறார்கள். நல்லா வளர்ந்த கன்றை ஏன் வெட்டணும்?

கிளையில்லாத ஒற்றைக் குச்சியாக வந்த கன்று என்றால் வெட்டத்தான் வேண்டும். நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் கீழே இறங்கிவந்து, அடியிலிருக்கும் மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. அப்படியே விட்டால் குச்சி மேலே மட்டும் போகும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஒரு கொத்துக் கிளை வரும். கீழே மொட்டையாக நிற்கும். நுனியை எடுத்தால் அடியிலிருக்கும் நான்கைந்து மொட்டுகள் விழிக்கும்.

தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ. உயரத்தில், நல்ல மொட்டு ஒன்றின் மேல் வெட்டுங்கள். கன்றில் ஏற்கெனவே பக்கக்கிளைகள் இருந்தால் கணக்கு வேறு. தரையிலிருந்து 50 செ.மீ.க்கு மேல், விரிந்த கோணத்தில், பென்சில் பருமனுக்கு மூன்று நான்கு கிளைகள் இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தால் போதும். எம் 9 மரத்தில் கிளைகளோடு வந்த கன்றின் நடுத்தண்டைத் தொடவே வேண்டாம்.

மொட்டுக்கு எவ்வளவு மேலே?

அரை செ.மீ. வெட்டு, மொட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரிய வேண்டும். தண்ணீர் மொட்டின் மேல் வழியக் கூடாது. இரண்டு செ.மீ. விட்டு வெட்டினால் அந்த மிச்சக் குச்சி காய்ந்து, அழுகல் அதன் வழியே இறங்கும். ஒட்டி வெட்டினால் மொட்டே காய்ந்துவிடும். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் கத்தரியாக வாங்குங்கள். ஒரு அலகு தட்டையான பட்டையில் வந்து அமுக்கும் வகை, இளங்குச்சியை நசுக்கிவிடும். கூர்மையான அலகுப் பக்கம் மரத்தில் நிற்கப்போகும் பகுதியை நோக்கி இருக்கட்டும்.

நுனியை வெட்டியபின் மேலே மூன்று தளிரும் போட்டி போட்டு நிமிருகின்றன. என்ன செய்வது?

எதிர்பார்த்ததுதான். உச்சி மொட்டு நேராகப் போகும். இரண்டாவதும் மூன்றாவதும் அதற்குப் போட்டியாகக் குறுகிய கோணத்தில் நிமிரும். நான்காவதிலிருந்துதான் கோணம் விரியும். ஆகவே தளிர்கள் 8 முதல் 10 செ.மீ. ஆனதும் இரண்டாவதையும் மூன்றாவதையும் விரலால் கிள்ளி எடுத்துவிடுங்கள். கத்தரி தேவையில்லை. பத்து விநாடி வேலை. அடுத்த குளிர்காலத்தில் இரண்டு பெரிய வெட்டு தேவைப்படாது.

கீழிருக்கும் தளிர்களுக்குத் துணி கிளிப் போடலாம். தளிர் 10 செ.மீ. தாண்டி, இன்னும் பச்சையாக வளையும் நிலையில், கிளிப்பைத் தளிருக்குச் சற்று மேலே நடுத்தண்டில் கவ்வ விடுங்கள்; கிளிப்பின் வால் தளிரைக் கீழ்நோக்கித் தள்ளிப் படுக்க வைக்க வேண்டும். ஆறு வாரத்தில் அடி முற்றிவிடும், கழற்றிவிடலாம். தளிரின் அடிக்கோணம் மொத்த வாழ்நாளுக்கும் அந்த ஆறு வாரத்தில்தான் அமைகிறது. பிறகு கிளையை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுப்பகுதிதான் வளையும், அடி வளையாது.

குறுகிய கோணம் அவ்வளவு பெரிய குற்றமா?

ஆமாம். இரண்டு தண்டுகள் ஒட்டினாற்போல் நிமிரும்போது நடுவில் பட்டை மாட்டிக்கொள்கிறது. மரத்தோடு மரம் சேராமல் பட்டையோடு பட்டை மோதி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் மேடு தெரியாமல் ஒரு கறுத்த கோடு பள்ளமாக இறங்கும். ஐந்தாறு வருடம் கழித்து, காய்ச்சுமையிலோ பனிச்சுமையிலோ, அந்தக் கோட்டின் வழியாக மரம் இரண்டாகப் பிளக்கும். குட்டையான காய்க்கும் குச்சிகள் நெருக்கமாக வரும் ஸ்பர் வகைகளான ரெட் சீஃப், ஒரிகன் ஸ்பர் போன்றவை இயல்பாகவே நிமிர்ந்து வளர்பவை. அவற்றில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

இரண்டாவது குளிர்காலத்தில் எந்தக் கிளைகளை வைத்துக்கொள்வது?

முதல் அடுக்குக்கு நான்கு கிளை போதும். மூன்று இருந்தாலும் பரவாயில்லை. தேர்வு செய்யும்போது மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். கீழ்க்கிளை தரையிலிருந்து 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நான்கும் நான்கு திசைக்குப் போக வேண்டும். ஒரே உயரத்திலிருந்து சக்கரம் மாதிரி கிளம்பாமல், 30 முதல் 45 செ.மீ. நீளத்தில் ஏற இறங்க அமைந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் நான்கும் கிளம்பினால் அதற்கு மேல் நடுத்தண்டு இளைத்துப்போகும்.

ரொம்பப் பேர் கவனிக்காதது பருமன். கிளையின் பருமன் அது கிளம்பும் இடத்தில் அடிமரத்தின் பாதிக்கு மேல் இருந்தால், பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கிளையில்லை, போட்டித் தண்டு. எடுத்துவிடுங்கள். வாளிப்பான கிளையை வெட்ட மனசு வராது. ஆனால் வாளிப்புதான் அங்கே பிரச்சினை.

நடுத்தண்டை, மேல் கிளையிலிருந்து 60 முதல் 75 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். அவ்வளவு வளரவில்லை என்றால் போன வருட வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். போன வருடம் எந்தப் பக்க மொட்டின் மேல் வெட்டினீர்களோ, இந்த வருடம் அதற்கு எதிர்ப்பக்க மொட்டு. இல்லாவிட்டால் தண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். கிளைகள் மெலிந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, வெளிப்பக்க மொட்டில் நிறுத்துங்கள். திடமாக இருந்தால் நுனியைத் தொடாதீர்கள்.

கிளையை வெட்டுவதைவிட வளைத்துக் கட்டுவது நல்லது என்பது உண்மையா?

இளம் மரத்தைப் பொறுத்தவரை, உண்மை. முதல் நான்கு ஆண்டுகளில் கத்தரியைவிடக் கயிறுதான் காய்ப்பை முன்னுக்குக் கொண்டுவரும். குளிர்கால வெட்டு ஒவ்வொன்றும் மரத்தை வளரத் தூண்டுகிறது: வேரில் சேமித்த உணவு அதே அளவு, அதைப் பங்கு போடும் மொட்டுகள் குறைவு; மிச்சமிருப்பவை பாய்ந்து வளரும். காய்க்காத மரத்தை இன்னும் பலமாக வெட்டிப் பார்ப்பவர்கள், பிரச்சினையையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். வளைத்த கிளையிலோ நுனியின் அதிகாரம் குறைகிறது, நீள வளர்ச்சி தணிகிறது, பக்க மொட்டுகள் பூமொட்டாக மாறுகின்றன.

கோணம்: நிலையான அடிக்கிளைகளுக்கு நேர்நிலையிலிருந்து 60 பாகை சாய்வு. எம் 9 போன்ற குள்ள மரங்களில் படுக்கை நிலைக்கும் சற்றுக் கீழே வரை கொண்டுபோகலாம். நடுத்தர மரத்தில் கிளை தன் இடத்தை நிரப்பும் முன்பே படுக்க வைத்தால், அங்கேயே நின்று காய்க்கத் தொடங்கிவிடும், மரம் குறுகிப்போகும்.

நேரம்: வசந்தத்தில் சாறு ஏறியபின், அல்லது கோடையின் பின்பகுதியில். குளிர்காலத்தில் குச்சி விறைத்திருக்கும், முறியும். ஒன்றிரண்டு வயதுக் கிளை எளிதாக வளையும். மூன்று வயது தாண்டினால் எதிர்க்கும்.

முறை: ஒரு கையால் கிளையின் அடியை அடிமரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெல்ல இறக்குங்கள். அடியைப் பிடிக்காமல் நுனியை இழுப்பதில்தான் கிளைகள் பிய்ந்து வருகின்றன. கயிற்றைக் கிளையின் நுனியில் கட்டாதீர்கள். கிளை வில்லாக வளைந்து, வளைவின் உச்சியிலிருந்து நீர்ப்போத்துகள் (நேராக நிமிரும் வீண் தளிர்கள்) வரிசையாகக் கிளம்பும். அடியிலிருந்து நுனி வரை கிளை நேர்கோடாகச் சாய்கிற இடத்தைத் தேடி, பெரும்பாலும் பாதி நீளத்தை ஒட்டி, அங்கே கட்டுங்கள். மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் கட்டலாம். சுருக்கு முடிச்சு போடாமல், இரண்டு விரல் நுழையும் அளவு தளர்ந்த வளையமாக இருக்கட்டும். பழைய சைக்கிள் டியூப் கீற்று நைலான் கயிற்றைவிட நல்லது. வளரும் பருவத்தில் மாதத்துக்கு ஒருமுறை வளையத்தைப் பாருங்கள். பட்டைக்குள் புதைந்த கயிறு கிளையைக் கொல்லும்.

கயிறு வேண்டாம் என்றால், இரண்டு முனையிலும் ‘வி’ வடிவில் வெட்டிய மரச்சட்டத்தை அடிமரத்துக்கும் கிளைக்கும் நடுவே முட்டுக்கொடுக்கலாம். 15 முதல் 45 செ.மீ. வரை வெவ்வேறு நீளத்தில் சில சட்டங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிடுவதும் வழக்கம்; ஆனால் காற்றடிக்கும் இடத்தில் அது ஆடி ஆடிப் பட்டையை உரிக்கும். எதுவானாலும் ஒரு வளர்பருவம் முழுக்க நிற்க வேண்டும். அவிழ்த்ததும் கிளை எழும்பினால் திரும்பக் கட்டுங்கள்.

தண்டில் ஒரு பக்கம் கிளையே வரவில்லை. மொட்டு இருக்கிறது, முளைக்கவில்லை.

அந்த மொட்டுக்கு மேலே பட்டையில் கீறுங்கள். பழைய இரும்பு ரம்பத் தகடு போதும். மொட்டுக்கு 3 முதல் 5 மி.மீ. மேலே, தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு, பட்டை அறுந்து உள்மரம் தட்டுப்படும் வரை ஒரே கோடு. மேலிருந்து இறங்கும் ஆக்சினை அந்தக் கீறல் மறிக்கிறது. மொட்டு, தனக்கு மேல் எதுவும் இல்லை என்றெண்ணி விழிக்கிறது. மொட்டு விரிவதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு முன் செய்வதுதான் பலன் தரும். கீறல் மொட்டுக்குக் கீழே விழுந்தால் பலன் தலைகீழ். தீக்கருகல் (ஃபயர் பிளைட்) நோய் உள்ள ஊர்களில் இந்த வேலை வேண்டாம். காயம் வழியே நோய் நுழையும்.

மூன்றாம், நான்காம் ஆண்டில்?

முதல் அடுக்குக்கு மேலே 60 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டாம் அடுக்கு: இரண்டு மூன்று கிளை, கீழடுக்கைவிடக் குட்டையாக. மேலடுக்கு அகன்றால் கீழடுக்கு நிழலில் விழும்; முழு வெயிலில் 30 சதவீதமாவது கிடைக்காத கிளையில் பூமொட்டு உருவாவது வெகுவாகக் குறைந்துவிடும். இடைவெளியில் முளைக்கும் மெல்லிய குச்சிகளை அப்படியே விடலாம், காய்க்கும். மற்றபடி உள்நோக்கி வளர்வது, ஒன்றோடொன்று உரசுவது, காய்ந்தது, நோய்பட்டது, இவ்வளவுதான். நான்காம் ஆண்டில் கவாத்து முடித்துத் தரையைப் பார்த்தால் கிடக்கும் குச்சி ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். வண்டி நிறைய என்றால் போன இரண்டு கோடைகளில் கிள்ளவும் கட்டவும் தவறியிருக்கிறீர்கள்.

நடுத்தண்டே இல்லாமல் கிண்ணம் மாதிரி விடலாமா?

விடலாம். 75 செ.மீ.யில் வெட்டி, மூன்று நான்கு கிளைகளை வெளிநோக்கி விட்டு, நடுவைக் காலியாக வைப்பது பழைய முறை. ஏணி இல்லாமல் பறிக்கலாம், நடுவில் வெயில் விழும். குறை என்னவென்றால் நெருக்கி நட முடியாது; கிளைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கிளம்புவதால் பாரம் தாங்குவதும் சற்றுக் குறைவு. பனி கொட்டும் நாட்டில் நடுத்தண்டு முறையே மேல்.

பூமொட்டை எப்படி அடையாளம் காண்பது? தெரியாமல் வெட்டிவிடுகிறேன்.

பூமொட்டு உருண்டு, தடித்து, சாம்பல் நிறப் பூனைமுடியோடு இருக்கும். குட்டையான சுருக்கம் விழுந்த குச்சியின் நுனியில் உட்கார்ந்திருக்கும். இலைமொட்டு ஒல்லி, முக்கோணம், தண்டோடு அப்பிக்கிடக்கும். பூமொட்டு போன கோடையிலேயே உருவானது. வெட்டிவிட்டால் இந்த வருடம் திரும்ப வராது.

சில ரகங்கள் குச்சியின் நுனியில் காய்ப்பவை. ரோம் பியூட்டி, கிரானி ஸ்மித் அப்படி. பிராம்லியும் ஓரளவு அப்படித்தான். இவற்றில் எல்லா நுனியையும் சீராகக் கத்தரித்தால் அழகாக இருக்கும், காய் இருக்காது.

முதல் வருடமே பூத்துவிட்டது. விடலாமா?

வேண்டாம். முதல் இரண்டு ஆண்டும் பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் பக்கக்கிளைகளில் கொத்துக்கு ஒன்றாக, 15 செ.மீ. இடைவெளியில் கொஞ்சம் விடலாம். நடுத்தண்டின் உச்சியில் மட்டும் காய் நிற்கக் கூடாது. ஒரே ஒரு பழத்தின் கனத்தில் உச்சி சாய்ந்துவிடும், வளர்ச்சியும் அங்கேயே நிற்கும்.

நடுத்தண்டின் நுனி ஒடிந்துவிட்டது.

ஒடிந்த இடத்துக்குக் கீழே சுத்தமாக வெட்டி, அதையடுத்த நல்ல தளிரை ஒரு மூங்கில் குச்சியோடு நிமிர்த்திக் கட்டுங்கள். போட்டியாக நிமிரும் மற்றதைக் கிள்ளுங்கள். ஒரே பருவத்தில் ஒடிந்ததே தெரியாமல் போய்விடும்.

அடியிலிருந்து நிறையத் துளிர் வருகிறது.

ஒட்டுக்குக் கீழே வருவது எல்லாம் வேர்ச்செடியின் துளிர். அதில் நீங்கள் வாங்கிய ரகம் காய்க்காது. மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலிருந்து பிய்த்தெடுங்கள். தரைமட்டத்தில் கத்தரித்தால் ஒன்றுக்கு நான்காக வரும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரமாவது இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒட்டு புதைந்தால் மேல்தண்டே வேர்விட்டு, குள்ள மரம் என்று வாங்கியது பெரிய மரமாகிவிடும்.

வெட்டிய காயத்துக்கு என்ன பூசுவது?

விரல் பருமன் வரை எதுவும் வேண்டாம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும்; அந்தப் புடைப்பை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்டினால் காயம் தானே மூடும். புடைப்பையும் சேர்த்து வழித்து வெட்டினால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. ஈரம் மிகுந்த மலைப்பகுதியில், பெரிய வெட்டுகளுக்குப் போர்டோ பசை பூசலாம்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சேர்க்க வேண்டும். இரும்பு வாளி கூடாது.

ஆறாத காயத்தில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகத் தெரிந்தால் அது கம்பளி அசுவினி. பழைய வெட்டுத் தழும்புதான் அதற்குப் பிடித்த இடம். பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தெடுங்கள். எம்எம் வரிசை வேர்ச்செடிகளே இந்தப் பூச்சியை எதிர்ப்பதற்காக உருவாக்கப்பட்டவை; ஆனால் அந்த எதிர்ப்பு வேருக்குத்தான், மேலே ஒட்டிய ரகத்துக்கு இல்லை.

தளிர் நுனி கறுத்து, கொக்கி மாதிரி வளைந்து தொங்குகிறது.

கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து என்றால் தீக்கருகல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்; பாக்டீரியா நோய். குளிர்காலம் வரை காத்திருக்காமல் உடனே, கறுப்பு முடியும் இடத்துக்கு 30 செ.மீ. கீழே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். வெட்டியதை உரக்குழியில் போடாதீர்கள்.

வாங்கிய வீட்டில் மூன்று நான்கு வருடம் கையே வைக்காத மரம் இருக்கிறது.

ஒரே குளிர்காலத்தில் சரிசெய்ய முயலாதீர்கள். முதல் வருடம் ஒரே ஒரு முடிவு: எது நடுத்தண்டு? போட்டித் தண்டுகளில் மிகப் பெரியதை அடியோடு எடுங்கள், அதோடு காய்ந்ததும் உரசுவதும். மொத்தக் கிளையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். நிமிர்ந்த மற்ற கிளைகளைக் கோடையில் இழுத்துக் கட்டுங்கள். மற்றதெல்லாம் அடுத்த இரண்டு வருடத்துக்கு.

கொடைக்கானலில் மரம் இலையே உதிர்ப்பதில்லை. எப்போது வெட்டுவது?

குளிர் போதாத ஊரின் பிரச்சினை இது. ரெட் டெலிஷியஸ் போன்ற ரகத்துக்கு 7 பாகை செல்சியஸுக்குக் கீழே சுமார் 1000 மணி நேரமாவது வேண்டும். அதை இங்கே நட்டால் மொட்டுகள் பாதி தூங்கியே கிடக்கும், கிளையில் நீள நீளமாக வெற்றிடம் விழும். எந்தக் கவாத்தும் அதைத் தீர்க்காது. ரகத்தை மாற்றுவதுதான் வழி. கொடைக்கானலில் நன்கு தெரிந்த பார்லின்ஸ் பியூட்டி, அல்லது 300 மணி நேரத்துக்கும் குறைவான குளிரில் பூக்கும் அன்னா, டார்செட் கோல்டன். பின்னிரண்டையும் சேர்த்து நட்டால் ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுக்கும்.

இலை உதிராத மரத்தில், டிசம்பர் கடைசியில் இலைகளைக் கையால் உருவிவிட்டுக் கவாத்து செய்யலாம். மொட்டு சேதமாகாமல் இருக்க இலையைக் கீழ்நோக்கி இழுக்காமல் நுனிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள்; காம்பு மொட்டோடு மிச்சம் நின்றாலும் கவலையில்லை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், பாத்து நகரைச் சுற்றிய மலைப்பகுதியில் குளிர்காலமே கிடையாது; அங்கே அறுவடை முடிந்து சில வாரத்தில் இப்படித்தான் இலையை உருவி, கிளைகளை வளைத்துக் கட்டி, ரோம் பியூட்டி, மனலாகி ரகங்களில் வருடத்துக்கு இரண்டு முறை காய் எடுக்கிறார்கள். ஆனால் அது காய்ப்புக்கு வந்த மரத்துக்கான முறை. இளங்கன்றில் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இலை உருவினால் வேர் இளைத்துவிடும்.

கோடையில் வெட்டவே கூடாதா?

கூடும். மரத்தை அடக்க வேண்டும் என்றால் கோடைதான் சரியான நேரம். இலை எடுத்தால் சேமிப்பு குறையும், வேகம் தணியும். சுவரோரமாகக் கம்பியில் படர்த்திய மரங்களுக்கு இது கட்டாயம். இங்கிலாந்தில் ஆகஸ்ட் மூன்றாம் வாரம், தளிரின் அடிப்பகுதி விறைத்தபின், முக்கியத் தண்டிலிருந்து நேரே கிளம்பிய 20 செ.மீ.க்கு மேற்பட்ட தளிர்களை, அடிக்கொத்து இலைகளுக்கு மேல் மூன்று இலை விட்டு வெட்டுங்கள். ஏற்கெனவே உள்ள பக்கக்குச்சியிலிருந்து கிளம்பியதை ஒரு இலை விட்டு. ஜூலை தொடக்கத்திலேயே அவசரப்பட்டால் வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்த்து, அந்தப் பிஞ்சுத் தளிர் குளிரில் கருகும்.

தனியாக நிற்கும் இளம் மரத்துக்கு, கோடையில் நேராக நிமிரும் நீர்ப்போத்துகளைப் பச்சையாக இருக்கும்போதே கையால் பிய்த்தெடுப்பது போதும். பிய்த்தால் அடிமொட்டும் சேர்ந்து வந்துவிடும். கத்தரித்தால் அந்த மொட்டு தங்கி, அடுத்த மாதமே திரும்ப முளைக்கும்.